சூடென்று சொல்லிச் சாகலாமா?

நம் மக்களிடையே ஒரு சொல் இருக்கின்றது. அச்சொல்லால் விளக்கப்படாத நோய் இல்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிகின்றதா? சூடு. நீர் சொட்டுச் சொட்டாக இறங்குகின்றதா? சூடு. குறியின் நுனியில் சீழ் காண்கின்றதா? உடம்பில் அதிகச் சூடு. அடிவயிறு கனத்து நோகின்றதா? சூடு பிடித்துக்கொண்டது. நீரில் இரத்தமே கலந்து வந்தாலும், சூடு முற்றிவிட்டது என்று சொல்லி, இளநீரைக் குடித்து, எண்ணெய் தேய்த்து முழுகி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகின்றோம். ஒரே சொல்லால் பத்து நோய்களை மூடிவைக்கும் இந்தச் சாமர்த்தியம் நமக்குப் பெருமை தருவதா என்று கேட்கின்றோம்.

இது வெறும் அறியாமை என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகின்றோம். கண் மங்கினால் கண்ணாடி வாங்குகின்றோம். அங்கெல்லாம் வராத அறியாமை, இடுப்புக்குக் கீழே மட்டும் எப்படி வந்து சேர்ந்தது? உண்மை யாதெனில், சூடு என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கின்றது. சூட்டுக்குக் காரணம் வெயில். வெயிலை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமுடியாது. எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து வந்தது, இனி யாருக்குப் போகும் என்ற மூன்று கேள்விகளையும் அந்த ஒரு சொல் தடுத்துவிடுகின்றது. ஆதலால் நோயாளிக்கு அது பிடித்திருக்கின்றது, குடும்பத்துக்குப் பிடித்திருக்கின்றது, லேகியம் விற்பவனுக்கு எல்லோரையும்விட அதிகமாகப் பிடித்திருக்கின்றது. பிடிக்காதது நோய்க் கிருமிக்குத்தான் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கும் இந்த மறைவு மிகவும் சௌகரியமானதே.

முதலில் உறுப்பைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுவோம். சிறுநீர்ப் பையிலிருந்து வெளிவாயில் வரை நீரைக் கொண்டுவருவது ஒரு குழாய். சிறுநீர்த்தாரை என்பது அதன் பெயர். ஆணுக்கு அது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். பெண்ணின் குழாய் குறுகியதாகவும், அதன் வாய் மலவாய்க்கு அருகில் இருப்பதாலும், குடலில் சாதாரணமாக வாழும் கிருமிகள் எளிதில் ஏறிப் பைக்குள் புகுந்துவிடுகின்றன. பெண்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதற்கு இதுவே பெருங்காரணம். இதில் ஒழுக்கமும் இல்லை, ஒழுக்கக்கேடும் இல்லை. உடலமைப்பு ஒன்றே இருக்கின்றது.

இந்தக் குழாய்க்கு வரும் துன்பங்கள் பலவகைப்பட்டவை. குடல் கிருமியால் வரும் நீர்க்கடுப்பு ஒன்று. உடலுறவினால் தொற்றும் வெட்டை, கிளமிடியா முதலியவை ஒன்று. கல் இறங்குவது ஒன்று. அடிபட்டோ, பழைய புண் ஆறித் தழும்பு கட்டியோ குழாய் சுருங்குவது ஒன்று. ஐம்பது, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்துக் குழாயை நெருக்குவது ஒன்று. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத் தோல் மெலிந்து வறண்டு எரிவது ஒன்று. வாசனைச் சோப்பையும் கிருமிநாசினியையும் கொண்டு அளவுமீறிக் கழுவுவதால் வரும் எரிச்சலும் ஒன்று. இவ்வளவுக்கும் ஒரே பெயர், ஒரே மருந்து என்றால் அதை வைத்தியம் என்று எப்படிச் சொல்வது?

பாட்டிமாரின் பார்லித் தண்ணீரை நாம் பழிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். வெயிலில் நாள் முழுதும் நின்று வேலை செய்து, தண்ணீர் குடியாமல் இருந்தால், சிறுநீர் செறிந்து மஞ்சள் நிறம் ஏறி, கழிக்கும்போது சிறிது கரிக்கும். நீர் நிறையக் குடித்தால் ஒரு நாளில் அது சரியாகிவிடும். சூடு என்ற சொல்லில் உள்ள உண்மை இவ்வளவே. இந்த ஒரு பிடி உண்மையைக் காட்டித்தான் ஒரு மூட்டைப் பொய்யை நம் தலையில் ஏற்றிவிட்டார்கள். தண்ணீர் குடித்தும் மறுநாள் எரிச்சல் நிற்கவில்லையென்றால் அது சூடு அன்று. சீழ் கண்டால் அது முதல் நாளிலேயே சூடு அன்று. வெயில் யாருக்கும் சீழை உண்டாக்கியதில்லை.

இனி வெட்டை நோய்க்கு வருவோம். நம் முன்னோர் வெட்டை, கிரந்தி முதலிய யாவற்றையும் மேகம் என்ற ஒரே கூரையின்கீழ் வைத்தனர். அதற்காக அவர்களை ஏளனம் செய்யவேண்டியதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹண்டர் என்னும் ஸ்காட்லாந்துப் பேரறிஞரே வெட்டையும் கிரந்தியும் ஒரே நோய் என்று மயங்கினார். 1838-ல் பிரான்சு நாட்டு ரிக்கோர்டு என்னும் மருத்துவர் இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று நிலைநாட்டினார். 1879-ல் ஆல்பர்ட் நைசர் என்னும் ஜெர்மானியர் வெட்டையின் கிருமியைக் கண்டுபிடித்தார். அவர்கள் தவறினார்கள், சோதித்தார்கள், திருத்திக்கொண்டார்கள். கிருமியைக் கண்ணாற் கண்டு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆனபின்பும் சூட்டைக் கட்டி அழுதுகொண்டிருப்பது நாம்தான்.

வெட்டையின் கிருமி உடம்பில் புகுந்த இரண்டு முதல் ஏழு நாட்களுக்குள் பெரும்பாலான ஆண்களுக்கு எரிச்சலும் மஞ்சள் நிறச் சீழும் தோன்றும். கிளமிடியா ஒன்று முதல் மூன்று வாரத்தில் மெல்லிய, நிறமற்ற கசிவாகக் காணும். பலருக்கு ஒன்றுமே காணாது. பெண்களிலோ இவ்விரு நோய்களும் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாமலே இருந்து உள்ளே வேலை செய்கின்றன.

இங்கே ஒரு சங்கதியை வாசகர்கள் நன்றாகக் கவனிக்கவேண்டும். மருந்தே இல்லாவிட்டாலும் சில வாரங்களில் இந்தச் சீழ் குறைந்து நின்றுபோவது உண்டு. நின்றுபோவது அடையாளம், நோய் அன்று. கிருமி உள்ளேயே இருக்கும், மற்றவருக்குத் தொற்றும், விரைப்பையில் வீக்கம் உண்டாக்கும், ஆண்டுகள் கழித்துக் குழாயைத் தழும்பாக்கி நீரை அடைக்கும். போலி வைத்தியனின் புகழெல்லாம் இந்த இடைவெளியில் கட்டப்பட்டது. நாற்பத்தெட்டு நாள் லேகியம் சாப்பிடு என்கின்றான். நாற்பத்தெட்டு நாளில் சீழ் தானாகவே நிற்கின்றது. பணமும் அவனுக்கு, புகழும் அவனுக்கு. பத்தாண்டு கழித்து நீர் இறங்காமல் துடிக்கும்போது அதே ஆள் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகின்றான். லேகியக்காரனைத் தேடி யாரும் போவதில்லை. சர்வரோக நிவாரணி என்று விளம்பரம் செய்கின்றவன் எந்த ஒரு ரோகத்தையும் சோதித்துப் பார்த்ததில்லை என்பதை நம் இளைஞர்கள் எப்போது உணரப்போகின்றார்கள்?

இந்த மறைப்பின் விலையை யார் கொடுக்கின்றார்கள் என்பதே நமது முக்கியமான கேள்வி. மறைப்பவன் ஆண், விலை கொடுப்பவள் பெண். வெளியூர் வேலைக்குப் போன கணவன் நோயோடு வருகின்றான். சூடு என்று சொல்லிவிட்டு மனைவியோடு சேருகின்றான். அவளுக்கு அடையாளம் ஒன்றும் தெரிவதில்லை. கிருமி மேலேறிக் கருக்குழாய்களைப் புண்ணாக்கித் தழும்பு கட்டி அடைத்துவிடுகின்றது. பிள்ளை பிறக்கவில்லை. பிறகு நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அவளுக்கு மலடி என்று பட்டம். அவள்மேல் நேர்த்திக்கடன், விரதம், பரிகாரம். மாமியார் வீட்டில் இரண்டாவது பெண் பார்க்கும் பேச்சு. குழாயை அடைத்தவன் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கின்றான். அடைபட்டவள் கோவிலைச் சுற்றுகின்றாள். இதைவிடக் கொடிய அநீதி ஒரு குடும்பத்தில் நடக்கக்கூடுமோ?

பிள்ளை பிறந்தாலும் தீங்கு நிற்பதில்லை. தாய்க்கு வெட்டை இருந்தால் பிறக்கும்போதே குழந்தையின் கண்ணில் கிருமி பட்டுக் குருடாக்கிவிடும். லைப்சிக் நகரத்து டாக்டர் கார்ல் கிரேடே பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் துளி விடும் முறையை 1881-ல் வெளியிட்டபின் எத்தனையோ குழந்தைகளின் பார்வை காப்பாற்றப்பட்டது. தகப்பனின் வெட்கத்துக்காகக் குழந்தையின் கண்ணைப் பலிகொடுத்த காலம் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இந்த ஓரவஞ்சனை நம் வீட்டில் மட்டும் இருந்ததன்று. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை சேர்ந்த குடியேற்ற ஆட்சியில் 1870-ல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. விலைமாதரைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் கண்டால் ஆஸ்பத்திரியில் அடைத்துவைக்க அது வழிசெய்தது. அவர்களிடம் சென்ற ஆண்களைச் சோதிக்க அச்சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இங்கிலாந்தில் 1864-ல் தொடங்கிய அதே மாதிரிச் சட்டங்களை எதிர்த்து ஜோசபின் பட்லர் என்னும் அம்மையார் போராடினார். 1886-ல் அவை நீக்கப்பட்டன. இங்கேயும் அந்தப் பத்தாண்டு முடியுமுன் அச்சட்டம் ஒழிந்தது. ஏட்டிலிருந்த சட்டம் போயிற்று. நோய் என்றால் பெண்ணைச் சோதி, ஆணை விட்டுவிடு என்ற மனச்சட்டம் போயிற்றா? பிள்ளையில்லாத வீட்டில் முதலில் டாக்டரிடம் அனுப்பப்படுவது யார் என்று கேட்டுப் பாருங்கள், விடை கிடைக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நீர்வழி நோய் என்றாலே கெட்ட நடத்தை என்று நினைத்துக்கொள்வதால், எந்தப் பாவமும் அறியாதவர்களும் வாயை மூடிக்கொள்கின்றார்கள். இரவில் ஐந்து முறை எழுந்து, பத்து நிமிடம் நின்று, நூல்போல் நீர் இறங்கும் கிழவர், மருமகள் என்ன நினைப்பாளோ என்று சொல்லாமல் இருக்கின்றார். ஒருநாள் நீர் முற்றும் அடைத்துக்கொள்கின்றது. நீரிழிவுள்ளவருக்குத் தொற்று அடிக்கடி வருகின்றது. நம்மவரிடையே நீரிழிவு எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. புதிதாக மணமான பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வந்தால் கணவன் சந்தேகக் கண்ணோடு பார்க்கின்றான். மணவாழ்க்கை தொடங்கிய காலத்தில் குடல் கிருமி உள்ளே தள்ளப்படுவதால் அது வருவது சாதாரணம் என்பதை அவனுக்கு யார் சொல்லியிருக்கின்றார்கள்?

தொழிற்சாலை வரிசையில் நிற்கும் பெண்ணைப் பாருங்கள்; காவற்கூண்டில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும் காவல்காரரைப் பாருங்கள்; நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகின்றவரைப் பாருங்கள். கழிப்பறைக்குப் போக நேரமில்லை, அல்லது போகத் தகுந்த கழிப்பறையில்லை. ஆகவே தண்ணீரே குடிப்பதில்லை. வந்த நீரையும் அடக்கிக்கொள்கின்றார்கள். இது சூடு என்றால், அந்தச் சூட்டை மூட்டியவர் முதலாளி என்றுதான் நாம் சொல்வோம். குடிக்கத் தண்ணீரும், கழிக்க இடமும், அதற்கு நேரமும் கொடுக்காமல் வேலை வாங்குவது கருணையின்மை மட்டுமன்று. நோயை உற்பத்தி செய்வதாகும். தொழிற்சங்கங்கள் கூலியைப் பற்றிப் பேசுகின்ற மேசையில் இதையும் வைக்கவேண்டும்.

லேகியத்தை விட்டவர்கள் சிலர் இப்போது வேறொரு பாதையில் போகின்றார்கள். நண்பன் மிச்சம் வைத்த மாத்திரை நான்கு, எங்கோ சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரை ஆறு என்று விழுங்கிவிட்டு நவீனமாகிவிட்டோம் என்று எண்ணுகின்றார்கள். இது பழைய மூடத்தனத்துக்குப் புதிய சட்டை. வெட்டைக் கிருமியின் சரித்திரத்தைப் பாருங்கள். 1930-களின் பிற்பகுதியில் சல்பா மருந்து வந்தது; பத்தாண்டுக்குள் அது பெரும்பாலும் பயனற்றுப் போயிற்று. 1943-ல் பெனிசிலின் வெட்டையைத் தீர்க்கும் என்று கண்டார்கள்; 1976-ல் பெனிசிலினையே சிதைத்துவிடும் கிருமி தோன்றிவிட்டது. பிறகு சிப்ரோபிளாக்சசின் வந்தது. அதுவும் இன்று இந்நோய்க்கு நம்பத்தக்கதன்று. இப்போது செப்டிரையாக்சோன் என்னும் ஊசிமருந்தே பெரும்பாலும் துணை நிற்கின்றது. அரைகுறையாக விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் கிருமிக்குக் கொடுத்த பயிற்சியாகும். உங்கள் வெட்கத்தைக் காப்பாற்ற நீங்கள் விழுங்கும் நான்கு மாத்திரை, நாளை இன்னொருவரின் பிள்ளைக்கு மருந்தில்லாமற் செய்யும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

அப்படியானால் எப்போது டாக்டரிடம் போகவேண்டும்? தெளிவாகவே சொல்லிவிடுகின்றோம்.

நீர் முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டும் இறங்கவில்லையென்றால், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. குளிரும் காய்ச்சலும் வந்து, விலாவிலோ முதுகிலோ நோவும் வாந்தியும் சேர்ந்தால், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதென்று கொண்டு அன்றே போகவேண்டும். கால்களுக்கிடையே அடிபட்டு, குறியின் வாயில் இரத்தம் கண்டால் உடனே போகவேண்டும். இளைஞனுக்குத் திடீரென்று விரையில் கடும்வலி வந்தால், அது முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அந்த விரையையே இழக்க நேரிடும். பிள்ளைகள் வெட்கப்பட்டு இதை மறைக்காதிருக்கும்படி தகப்பன்மார் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

சீழோ கசிவோ கண்டால் ஓரிரு நாளுக்குள் போகவேண்டும். சிறுநீரில் இரத்தம் கண்டால், வலி இல்லாவிட்டாலும், மறுநாளே நின்றுவிட்டாலும் போகவேண்டும். வலியில்லாத இரத்தம் சிறுநீர்ப் பையில் புற்று இருப்பதன் முதல் அடையாளமாக இருக்கக்கூடும், புகைபிடிப்பவருக்கு அந்த அபாயம் அதிகம். கர்ப்பிணிகளும், குழந்தைகளும், நீரிழிவுள்ளவர்களும் இலேசான எரிச்சலுக்குங்கூடக் காத்திருக்கலாகாது. ஆண்களுக்கு நீர்க்கடுப்பு சாதாரணமாக வருவதன்று. வந்தால் காரணம் தேடவேண்டும். தாரை மெலிந்து, முக்கி முக்கிக் கழிக்கவேண்டியிருந்தால், அது வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் காட்டவேண்டும். கூடியவருக்கு நோய் என்று தெரியவந்தால், உங்களுக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும் சோதித்துக்கொள்ளவேண்டும்.

டாக்டர் என்ன செய்வாரோ என்ற பயமும் வேண்டாம். பெரும்பாலும் சிறுநீர்ச் சோதனையே போதும். தொற்றைக் கண்டறிவதற்கு முதலில் வரும் நீரைப் பிடித்துத் தரச் சொல்லுவார்கள்; அதற்கு ஒரு மணி நேரமாவது முன்பு சிறுநீர் கழிக்காமலிருப்பது நல்லது. மருந்து தொடங்குமுன்பே சோதனை நடக்கவேண்டும். இதற்குமுன் எந்த மருந்து ஒவ்வாமல் போயிற்று, எந்த மாத்திரையை விழுங்கினீர்கள், எப்போது யாருடன் உறவு என்பவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். நோயாளி சொன்னதை மறைத்துக் காப்பது டாக்டரின் கடமை. வெட்டைக்குப் பெரும்பாலும் ஒரே ஊசி. கிளமிடியாவுக்கு ஏழு நாள் மாத்திரை. இருவரும் ஒரே காலத்தில் மருந்து கொள்ளவேண்டும். மருந்து முடிந்து ஏழு நாளாவது கூடாதிருக்கவேண்டும். ஒருவர் மட்டும் தேறினால் அது தேறியதாகாது. ஆணுறையை ஒழுங்காக அணிந்தால் இந்நோய்கள் தொற்றும் வாய்ப்புப் பெரிதும் குறையும் என்பதைச் சொல்வதற்கும் நாம் கூசவில்லை. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் பார்க்க ஒரு வெள்ளி. லேகிய டப்பா என்ன விலை என்று வாங்கியவர்களைக் கேளுங்கள்.

மானம் போய்விடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மானம் என்பது மனைவிக்குத் தெரியாமல் அவள் வயிற்றைப் பாழாக்குவதா? எனக்கு நோய் இருக்கின்றது, நீயும் வா, இருவரும் சோதித்துக்கொள்வோம் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வதா? முதலாவது கோழைத்தனம், இரண்டாவதே மானம். அவள் கோபிப்பாள், கோபிக்க அவளுக்கு உரிமை உண்டு. அந்தக் கோபத்தை ஏற்றுக்கொள்வதும் மருந்தின் ஒரு பகுதியே.

நமது மேடைகளில் சாதியைப் பற்றிப் பேசினோம், சடங்கைப் பற்றிப் பேசினோம், கள்ளைப் பற்றிப் பேசினோம். அப்போதெல்லாம், இவற்றைப் பற்றிப் பேசலாகாது என்றவர்கள் இருந்தார்கள். பேசியதால் சமூகம் கெட்டுப்போகவில்லை. இதையும் பேசுவோம். சங்கங்கள் ஆண்டுவிழாவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு டாக்டரை அழைத்துப் பேச வைக்கட்டும். தாய் மகளுக்கும், தகப்பன் மகனுக்கும் சொல்லிக்கொடுக்கட்டும். எரிச்சல் என்று ஒருவர் சொன்னால், சூடு என்று வாயை அடைக்காமல், எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, சீழ் உண்டா, இரத்தம் உண்டா என்று கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் வரட்டும். அந்த நான்கு கேள்வியைக் கேட்கத் தெரிந்த வீட்டில் லேகியக்காரனுக்கு வேலையில்லை.